நோட்டில் முப்பது டிகிரி

ஜூலை 2, புதன்

காலையிலிருந்து சாரல். மேலகரத்திலிருந்து காலேஜ் போவதற்குள் சுடிதார் கால் இரண்டும் நனைந்து, நாள் முழுக்க லேபில் ஈரத்தோடு. ரெயின்கோட் ஸ்கூட்டர் டிக்கியிலேயே இருந்தது. எடுத்துப் போடச் சோம்பல்.

ஐ-47 பார்த்தேன். ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது தடவை.

எங்கே தப்பு என்று முழுசாக ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். லேப் நோட்டில் எழுதினால் சார் பார்ப்பார். இங்கே யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஐ என்றால் ஐந்தருவி. போன வருஷம் மே கடைசியில், குளித்த தண்ணீர் ஓடுகிற ஓடைக்கரையில் எடுத்த மண். எண்ணெய்ப் பிசுக்கு, சீயக்காய், ஷாம்பு உறை எல்லாம் சேர்ந்த மண். அதில் பிரித்தெடுத்த நுண்ணுயிர்களில் நாற்பத்தேழாவது. மண்ணில் இருக்கிற இந்த ஜாதியெல்லாம் பக்கத்தில் வருகிற கிருமியைக் கொல்ல ஏதாவது விஷம் சுரக்கும். அப்படிச் சுரப்பதில் ஒன்று மருந்தாகுமா என்று பார்ப்பதுதான் மூன்று வருஷமாக என் வேலை. கொல்லப்பட வேண்டியது ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வைத்திருக்கும் கிளப்சியெல்லா என்ற கிருமி. லேசுப்பட்டதில்லை. இருக்கிற மாத்திரை, ஊசி எதற்கும் அசையாது.

போன ஜூலை கடைசியில் ஐ-47 அதைக் கொன்றது. சுற்றிலும் 19 மில்லிமீட்டருக்குத் தெளிவான வளையம். நானே ஸ்கேல் வைத்து அளந்தேன். ஐசக் சார் (ப்ராஜெக்ட் அவர் பெயரில்) கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். செல்லத்தாயி அக்காவைக் கூப்பிட்டு எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். லேபைப் பெருக்குவது, தட்டு கழுவுவது, மண் சலிப்பது எல்லாம் அந்த அக்காதான்.

ஆகஸ்டில் திரும்பச் செய்தோம். வளையம் இல்லை. அதற்கப்புறம் ஒரு நாளும் இல்லை.

மாற்றிப் பார்த்தவை:
- தீனி. ஓட்ஸ், ஸ்டார்ச், சோயா மாவு.
- தண்ணீர். போர், குழாய், டிஸ்டில்டு.
- உப்பு.
- அகார் (தட்டில் ஊற்றி உறையவிடும் கூழ்) கம்பெனி.
- நாள். ஐந்து, ஏழு, பத்து, பதினான்கு.
- ஃபிரீசரிலிருந்து புதுக் குப்பி (மூன்று தடவை).

மாற்றாதது: வெப்பம். வளையம் வந்த தட்டும் இன்குபேட்டரில் (ஒரே சூட்டில் வளர்க்கும் பெட்டி) 30 டிகிரியில் வளர்ந்தது என்று நோட்டில் இருக்கிறது. அதில் எதற்குக் கை வைக்க.

சார் சொல்லும் காரணம்: "லேபுக்கு வந்து சொகுசா சாப்பிட ஆரம்பிச்சாச்சு. இனி அதுக்கு எதுக்கு விஷம்? மறந்திருக்கும்." உண்மையிலேயே இப்படி நடப்பதுண்டு. என்னைச் சொல்கிறாரோ என்றும் சில சமயம் தோன்றும்.

அம்மாவுக்கு மதியத்திலிருந்து இடுப்பு வலியாம். சுக்கு வெந்நீர் கேட்டாள்.


ஜூலை 4, வெள்ளி

சாரல். வெயிலே காணோம். துவைத்த துணி மூன்று நாளாகக் காயாமல் வீடெல்லாம் வாடை.

ப்ராஜெக்டுக்குப் பணம் தருகிற டெல்லியிலிருந்து மெயில். நீட்டிப்பு கிடையாது. 31-ஆம் தேதியோடு முடிவு. சார் எனக்கு ஃபார்வர்டு பண்ணாமல் நேரில் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஃபிரீசர பயோகெமிஸ்ட்ரிக்குக் குடுக்கணும். உள்ள இருக்கிறத முப்பத்தொண்ணாம் தேதி ஆட்டோகிளேவ்ல போட்டுருங்க. ரிப்போர்ட்ல கடைசிப் பாராவுல 'ஐ-47-இன் செயல்பாடு மீண்டும் நிரூபிக்கப்படவில்லை, கைவிடப்பட்டது'ன்னு எழுதிருங்க பிரேமா."

"இன்னும் ஒரு தடவை பாக்கட்டா சார்?"

"பன்னெண்டு ஆச்சும்மா. எனக்கும் அலுப்பா இருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அலுப்பு என்று சொல்கிறவரிடம் என்ன பேசுவது. எனக்கும் அதேதான்.

ஆட்டோகிளேவ் என்றால் பெரிய குக்கர். உள்ளே போட்டு வேகவைத்தால் கால் மணி நேரத்தில் எல்லாம் காலி. மூன்று வருஷமாக ஒட்டி வைத்த குப்பிகள் அத்தனையும் ஒரே விசிலில்.

ஆலங்குளத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ஆள் கேட்டிருக்கிறார்கள். பயோடேட்டா அனுப்ப வேண்டும். நாற்பத்தொரு வயதில் பயோடேட்டாவுக்குப் போட்டோ எடுக்கப் போக வேண்டும்.

வாங்க வேண்டியது: சீனி (எனக்கு மட்டும்), ஓட்ஸ், விளக்குத் திரி, ஸ்கூட்டர் பிரேக் கம்பி.


ஜூலை 6, ஞாயிறு

அம்மாவுக்குக் காய்ச்சல். நடுக்கம். இரண்டு போர்வை போட்டும் பல் கிட்டியது. மறுபடி யூரின் இன்ஃபெக்‌ஷன்தான், பார்த்தாலே தெரிகிறது. சுகர் வேறு.

ஜூன் தொடக்கத்தில்தான் வந்து போனது. டாக்டர் ஏழு நாளைக்கு, காலை ஒன்று, ராத்திரி ஒன்று எழுதிக் கொடுத்தார். நான் லேபுக்குப் போய்விடுவதால் அம்மாவையே காலண்டரில் டிக் போடச் சொல்லியிருந்தேன். சத்துணவு அமைப்பாளராக முப்பது வருஷம் ரெஜிஸ்டர் எழுதியவள். ஏழு நாளும் இரண்டிரண்டு டிக், பச்சை மையில், வரிசை பிசகாமல். இன்றைக்கும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட விடவில்லை. பின்னே ஏன் திரும்ப வருகிறது?

"ஏட்டி, மெடிக்கல்ல அண்ணாச்சிட்ட சொல்லு. அந்தச் செவப்பு மாத்திரைய தருவாரு. ரெண்டு போட்டா நின்னுரும்."

"டெஸ்ட் பண்ணாம ஒண்ணும் போடக் கூடாது."

"ஆமா, நீ டெஸ்ட் பண்ணி முடிக்கதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்."

காய்ச்சல் மாத்திரை மட்டும் வாங்க மெடிக்கல் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் தொண்டை வலி என்றார். அண்ணாச்சி ஆன்டிபயாடிக் அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் இரண்டே இரண்டு வெட்டிக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "நீங்க அந்தக் கிருமி ஆராய்ச்சிதான பண்ணுதிய? புது மருந்து எப்பம் வரும்?" என்றார்.

எதற்கு வர வேண்டும் அண்ணாச்சி, நீங்கள் வெட்டி விற்கவா என்று கேட்டிருக்கலாம். "பாப்போம் அண்ணாச்சி" என்றுதான் வாயில் வந்தது.


ஜூலை 9, புதன்

அம்மாவின் கல்ச்சர் ரிப்போர்ட். கிருமியின் பெயர், அதன் கீழே மருந்துகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே R. கேட்காது என்று அர்த்தம். R, R, R, R. இப்படிப்பட்ட ரிப்போர்ட் நான் நூற்றுக்கணக்கில் பார்த்தவள். மேலே "நோயாளி பெயர்" என்ற இடத்தில் அம்மா பெயர் இருந்ததும் எழுத்து ஓடவில்லை. இரண்டாவது தடவை விரல் வைத்துப் படித்தேன்.

மாத்திரை எதுவும் கேட்காது. ஒரு ஊசி கேட்கும். ஏழு நாள் போட வேண்டும். இன்று முதல் ஊசி.

டாக்டரம்மா கேட்டார்: "போன வருஷம் அட்மிட் ஆனாங்கன்னு சொன்னீங்களே, எந்தத் தேதி? அப்போ என்ன ஊசி போட்டாங்க?"

டிஸ்சார்ஜ் தாளைக் காணோம். டைரியில் எழுதியிருப்பேன், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா: "ஒன் கிருமியெல்லாம் ஒனக்குத் தெரிஞ்சவதான? கொஞ்சம் சொல்லி வைக்கக் கூடாதா?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.


ஜூலை 10, வியாழன்

போன வருஷ டைரி பீரோ அடியில் கிடந்தது. ஊசி பெயரைத் தேடிப் புரட்டினேன். கிடைத்தது. அதே பக்கத்தில் வேறொன்றும் கிடைத்தது. அப்படியே கீழே எழுதுகிறேன்.

"ஜூலை 13, சனி. அம்மாவுக்கு ஊசி நாலாவது நாள். காய்ச்சல் இறங்கவில்லை. இன்று ஒரு மணி நேரம் லேபுக்குப் போய் வந்தேன். இன்குபேட்டர் செவ்வாயன்றே படுத்துவிட்டதாம். மதுரையிலிருந்து ஆள் வரப் பத்து நாள் ஆகும். செ.அக்கா தட்டுகளை எடுத்து ஸ்டோர் ரூம் சன்னலோரம் அடுக்கியிருக்கிறாள், 40 முதல் 52 வரை. அங்கே ஒரே குளிர், சாரல் உள்ளேயே அடிக்கிறது. வாரத்துக்கும் சேர்த்து நோட்டை முடித்துவிட்டு ஆஸ்பத்திரி வந்தேன். கேன்டீனில் இட்லி கல் மாதிரி."

40 முதல் 52 வரை. அதில் 47 இருக்கிறது.

மாதக் கடைசியில் வளையம் வந்தது அந்தத் தட்டில்தான்.

இன்குபேட்டர் கெட்டது ஞாபகம் இருக்கிறது. மழைக்காலத்துக்கு மழைக்காலம் கெடும். ஆனால் அப்போது உள்ளே இருந்தது 47 என்பது சுத்தமாக நினைவில் இல்லை. அந்தப் பதினைந்து நாளில் எனக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரி வராந்தாதான். மறந்ததற்கு நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே நோட்டு.


ஜூலை 11, வெள்ளி

லேபுக்குப் போனதும் முதல் வேலை, போன வருஷ நோட்டு. அந்த வாரம்: வெப்பம் 30. 30. 30. 30. 30. 30. 30. அடுத்த வாரமும் அப்படியே. என் கையெழுத்து, அழகாக. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சார் கையெழுத்து.

மெஷின் செத்துக் கிடக்கிறது என்று தெரிந்தே எழுதியிருக்கிறேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவே இல்லை. சத்தியமாக இல்லை. கட்டம் இருந்தது, நிரப்பினேன். பிளஸ் டூவிலிருந்தே அப்படித்தானே. பெண்டுலம் எத்தனை தடவை ஆடினால் என்ன, ரெக்கார்டு நோட்டில் வர வேண்டிய விடையை எழுதினால்தான் சார் டிக் போடுவார். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., எல்லாம் அப்படியே. சரியான ரீடிங்கை எழுதிப் பழகிய கை இது. பார்த்ததை எழுதிப் பழகவில்லை.

பன்னிரண்டு தடவை. ஒரு வருஷம். மாற்றாமல் விட்ட ஒன்றே ஒன்று.

யாரிடமாவது கத்த வேண்டும் போல இருந்தது. யாரிடம் கத்த? செய்தது நான்.


ஜூலை 12, சனி

செல்லத்தாயி அக்காவை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப் போனேன்.

"போன வருஷம் மெஷின் கெட்டப்ப தட்டெல்லாம் எங்கக்கா வச்சிய?"

"இங்கனதான் மேடம். இந்தச் சன்னல்ல. ஏன், தப்பா?"

"தப்பில்ல. எத்தன நாள் இருந்துச்சு?"

"மதுரக்காரன் வாற வரைக்கும். ரெண்டு வாரம் இருக்கும். ஒங்ககிட்ட சொன்னம்லா. நீங்க சரிக்கா, சரிக்கான்னிய. கண்ணெல்லாம் தூக்கமா இருந்துச்சு ஒங்களுக்கு."

அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஒரு வருஷமாக அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, சாருக்கும் தோன்றவில்லை.

சன்னலோரம் தெர்மாமீட்டர் வைத்தேன். 24.

47-ஐப் பன்னிரண்டு தட்டில் போட்டேன். ஆறு சன்னலோரம், ஆறு இன்குபேட்டரில் 30-இல். பன்னிரண்டு நாள் வளரட்டும். 24-ஆம் தேதி கிருமிக்கு எதிரே வைத்தால் 25 காலையில் தெரிந்துவிடும். 31-க்குள் நேரம் இருக்கிறது.

சாரிடம் சொல்லவில்லை. வளையம் வந்தால் சொல்லலாம். வராவிட்டால் நோட்டு அப்படியே இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்.

எழுதும்போதே கேவலமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன்.


ஜூலை 15, செவ்வாய்

இன்றோடு அம்மாவுக்கு ஊசி ஏழு முடிந்தது. காய்ச்சல் இல்லை. ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டாள். புறங்கையெல்லாம் நீலம்.

குற்றாலத்தில் கூட்டம் சொல்லி மாளாது. வேனும் பஸ்ஸுமாக மேலகரம் வரை நிற்கிறது. தலையில் எண்ணெயோடு ஆட்கள் ரோட்டைக் கடக்கிறார்கள். எனக்குப் பின்னால் ஹாரன் அடித்த வேன்காரர், "யக்கா, நீங்க குளிக்கவா போறிய, இவ்வளவு நிதானமா?" என்றார்.

ஸ்டோர் ரூம்: காலை 23, மதியம் 25, மாலை 24. நாளுக்கு மூன்று தடவை நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறேன். லேப் நோட்டில் இல்லை. தனித் தாளில்.

அந்தக் கிளப்சியெல்லா வந்த சீட்டு ஃபைலில் கிடைத்தது. பெயர் தர மாட்டார்கள். வயது 34, ஆண், லோடுமேன், பாவூர்சத்திரம். விபத்துக் காயம். சீட்டின் மூலையில் யாரோ பென்சிலால் "இறப்பு" என்று எழுதியிருந்தார்கள். இத்தனை நாள் அந்தச் சீட்டைப் பார்க்கவே இல்லையா, பார்த்தும் பதியவில்லையா தெரியவில்லை. காய்கறி மூட்டை தூக்கியவர். அவரைக் கொன்றதைத்தான் மூன்று வருஷமாகத் தட்டில் வளர்த்துத் தீனி போடுகிறேன்.

அம்மாவுக்கு அந்த ஊசியும் கேட்காமல் போயிருந்தால்?

வேண்டாம். நாளைக்கு அரிசி ஊறப் போட வேண்டும்.


ஜூலை 17, வியாழன்

இன்று நடந்தது.

தலைவலி என்று நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். வாசலில் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அக்கா. சளி, காய்ச்சல். அம்மா அவர்கள் கையில் எதையோ திணித்துக்கொண்டிருந்தாள். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரெண்டு போடு, நின்னுரும். எனக்கு நாலு நாள்ல கேட்டுச்சு."

வாங்கிப் பார்த்தேன். ஜூன் மாதம் டாக்டர் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த அதே அட்டை.

முத்துலட்சுமி அக்காவை டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பிவிட்டு அடுப்படிக்குள் போனேன். பருப்பு டப்பாவுக்குப் பின்னால் பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் அட்டை அட்டையாக. ஜூன் மாதத்து மாத்திரையில், கையில் வாங்கியதோடு சேர்த்து, ஆறு மிச்சம். அதற்கு முந்தியதில் நாலு. சிவப்பு இரண்டு. பெயர் அழிந்துபோன இன்னும் சில. எங்கள் லேப் ஃபிரீசர்கூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள்.

"ஏழு நாளும் போட்டேன்னு சொன்னியே?"

"நாலு நாள்ல சொகமாயிட்டு. மிச்சத்த என்னத்துக்கு வீணா திங்கணும்? வயித்த வேற பெரட்டுது."

"அப்ப காலண்டர்ல ஏன் டிக் போட்ட?"

"நீ வந்து பாப்பல்லா."

"அதுக்குப் பொய்யா போடுவியா?"

"பொய் என்னட்டி பொய்? கட்டம் காலியா கெடந்தா நீ ஏசுவ. போட்டுட்டா ஒனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

ஏச வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்தது. அரைகுறையாகத் தின்று அரைகுறையாகக் கிருமியைக் கொன்றால் தப்பிப் பிழைத்தது திரும்பி வரும்போது எந்த மாத்திரைக்கும் அசையாது, ரிப்போர்ட்டில் வரிசையாக R விழுந்ததற்கு இந்த டப்பாவும் ஒரு காரணம், இதையே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தவள் நான். எல்லாம் தயாராக இருந்தது.

நான் எந்த மூஞ்சியோடு ஏச?

டப்பாவை லேபுக்கு எடுத்துப் போய் அழிப்பதாகச் சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, டிவியைப் பார்த்தபடியே, "இனிமே முழுசா போடுதேன்" என்றாள்.

நாளைக்கு சாரிடம் சொல்லிவிட வேண்டும். 25-ஆம் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.


ஜூலை 18, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

இரண்டு டைரி, ஒரு நோட்டு, மூன்றையும் சார் மேஜையில் விரித்து வைத்தேன். சொந்த டைரியைக் காட்டுவது துணி அவிழ்ப்பது மாதிரிதான். இட்லி கல் மாதிரி என்ற வரியையும் சேர்த்துப் படித்தார்.

மின்விசிறிக்குத் தாள் படபடத்தது. அதன் மேல் கை வைத்துக்கொண்டார்.

"என் கையெழுத்து இருக்கு பிரேமா."

"ஆமா சார்."

"நானும் மெஷினப் பாக்கல. அந்த வாரம் நான் தினம் லேபுக்கு வந்தேன். ஒரு தடவ அத எட்டிப் பாக்கல. நோட்டத்தான் பாத்தேன்."

நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"மத்த நாளெல்லாம்?"

இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

"மத்த நாள் மெஷின் ஓடுச்சு சார். ஆனா நான் பாத்து எழுதல. 30-ன்னு தெரியும், அதனால எழுதினேன்."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறவர். முகம் கறுத்துவிட்டது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"ரிப்போர்ட்ல இதயும் எழுதணும். எழுதினா அவங்க எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. மூணு வருஷத்தையும்."

"தெரியும் சார்."

"சரி. அழிக்காதீங்க. ஒத்தக் கோடு போட்டு அடிங்க, கீழ இருக்கது தெரியணும். பக்கத்துல நடந்தத எழுதி இன்னைக்குத் தேதி போடுங்க. நானும் போடுதேன்."

பதினான்கு கட்டம். ஒவ்வொன்றாக அடித்தேன். பக்கத்தில் "இன்குபேட்டர் பழுது. ஸ்டோர் ரூம் சன்னலோரம். வெப்பம் அளக்கப்படவில்லை." பதினான்கு தடவை. சார் பதினான்கு தடவை கையெழுத்துப் போட்டார். டீ வந்தது. இரண்டு பேரும் குடிக்காமலே ஆறிப்போனது.

மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை. வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஆறு மணிக்கே படுத்துவிட்டேன்.


ஜூலை 21, திங்கள்

வெயில்! சாரல் நின்றுபோனது. ஊரெல்லாம் துணி காய்கிறது. எனக்கு மட்டும் தட்டுகளின் கவலை.

ஸ்டோர் ரூம் காலை 26, மதியம் 28.

செல்லத்தாயி அக்கா கேட்காமலே சாக்கை நனைத்துச் சன்னலில் தொங்கவிட்டாள். கீழே ஒரு வாளித் தண்ணீர். "கொழந்தைக்கு அம்ம போட்டா வேப்பெல கட்டுவோம், இதுக்குச் சாக்கு" என்றாள். அரை மணிக்கு ஒரு தடவை சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு 25.

சார் வந்து எட்டிப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இன்றுதான் முகம் கொடுத்துப் பேசுகிறார். தட்டைப் பார்க்கவில்லை. குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார்.

சன்னலோரத் தட்டுகளில் வளர்ச்சி குறைச்சல். சாம்பல் நிறம், மேலே பொடி. மூடியைத் திறந்தால் மழை பெய்த மண் வாசனை. இன்குபேட்டர் தட்டில் கொழுகொழுவென்று வளர்ந்திருக்கிறது, வெள்ளையாக. கொழுத்ததுகளை நம்பவே கூடாது.

போன் சார்ஜர் போய்விட்டது. கீரை வாங்க மறந்தேன்.


ஜூலை 23, புதன்

மறுபடி சாரல். 24.

ஆலங்குளம் லேபிலிருந்து போன். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேரச் சொல்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். சுகர், கொலஸ்ட்ரால், தைராய்டு. மெஷினே அச்சடித்துத் தந்துவிடும், நான் எழுத ஒன்றும் இருக்காது.

ரிப்போர்ட் கடைசிப் பாராவை சார் காலியாக விட்டிருக்கிறார்.


ஜூலை 24, வியாழன்

கிளப்சியெல்லாவைத் தட்டு முழுக்கப் பூசி, 47 வளர்ந்த அகாரிலிருந்து சட்டைப் பொத்தான் அளவுக்கு வெட்டி நடுவில் வைத்தாயிற்று. சன்னலோரத்தது ஆறு, இன்குபேட்டரது ஆறு. இந்தப் பன்னிரண்டும் இனி 37 டிகிரியில், ஆஸ்பத்திரிக் கிருமிக்கு உடம்புச் சூடுதான் பிடிக்கும். 37 என்று எழுதும் முன்னால் மெஷினைப் பார்த்தேன். 37.

அம்மா கேட்டாள், "நாளைக்கு என்ன, பரீட்சையா? சோறு எறங்க மாட்டேங்குது ஒனக்கு?"

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். ஊரிலுள்ள சாமி பெயர் எல்லாவற்றையும் சொல்லி நெற்றியில் விபூதி பூசிவிட்டாள்.

வந்தால்கூட என்ன. பழைய மருந்தாகவே இருக்கலாம், யாரோ எப்போதோ கண்டுபிடித்து வைத்தது. பெரும்பாலும் அப்படித்தான் முடியும். புதிதாகவே இருந்தாலும் எலிக்குக் கொடுத்து, மனுஷனுக்குக் கொடுத்து, மெடிக்கல் அண்ணாச்சி கத்தரிக்கோலுக்கு வருவதற்குள் எனக்கு நரை முழுசாகிவிடும். எல்லாம் தெரியும். இருந்தாலும் வர வேண்டும்.


ஜூலை 25, வெள்ளி

ஏழரைக்கே போய்விட்டேன். சார் எனக்கு முன்னால் வந்து பூட்டிய கதவு முன்னே நின்றுகொண்டிருந்தார். சாவி என்னிடம்.

முதலில் இன்குபேட்டர் ஆறு. ஒன்றுமில்லை. கிருமி பொத்தானை ஒட்டி மேலேயும் ஏறியிருந்தது.

சன்னலோரம் ஆறு. முதல் தட்டு, ஒன்றுமில்லை. சார் மூச்சு விட்டது கேட்டது. இரண்டாவது தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினேன். வளையம்.

13 மி.மீ. அடுத்தது 12. அடுத்தது 14. அடுத்தது ஒன்றுமில்லை. கடைசி 11.

ஆறில் நாலு. போன வருஷம் மாதிரி 19 இல்லை. ஆனால் வளையம். நாலையும் சார் மறுபடி அளந்தார், நாலையும் நான் மறுபடி அளந்தேன். செல்லத்தாயி அக்கா எட்டிப் பார்த்து, "செத்துட்டா மேடம்?" என்றாள்.

"செத்துட்டுக்கா."

அழுதுவிட்டேன். அக்கா முன்னால், சார் முன்னால், கையுறையோடு. பாவூர்சத்திரத்து மனுஷனுக்கு ஒரு வருஷம் முந்தியும் இது உதவியிருக்காது என்று தெரியும். இருந்தாலும் அவர்தான் ஞாபகம் வந்தார்.

சார் பயோகெமிஸ்ட்ரிக்குப் போய் ஃபிரீசரில் ஒரே ஒரு டப்பாவுக்கு இடம் கேட்டு வந்தார். தந்துவிட்டார்களாம், மேல் தட்டில், மூலையில். ப்ராஜெக்ட் 31-ஓடு முடிவதில் மாற்றமில்லை. ஒன்றாம் தேதி நான் ஆலங்குளம் பஸ். 47 ஆட்டோகிளேவுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

டீ குடித்துவிட்டு இன்றைய பக்கம் எழுத உட்கார்ந்தேன். தேதி. தட்டு எண். வளையம். ஸ்டோர் ரூம் வெப்பம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை தானாக 3 என்று போட்டுவிட்டது.

ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். எழுந்து போய்ச் சன்னலோரம் குனிந்து பார்த்துவிட்டு வந்து எழுதினேன். 24.